ஒவ்வொன்றும் 1500 ரூபாய்க்குள் மூன்று இயர்போன் வாங்கிவிட்டேன், மூன்றும் சரியில்லை. தப்பு யாரிடம்?

செங்கை பாசஞ்சர்:

எல்லோருக்கும் வணக்கம். தினமும் காலையில் செங்கல்பட்டில் ரயில் ஏறி எழும்பூரில் இறங்குகிறவன் நான். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். உட்கார இடம் கிடைத்தால் தூக்கம், கிடைக்காவிட்டால் பாட்டு. பெரும்பாலும் பாட்டுதான்.

எட்டு மாதத்தில் மூன்று இயர்போன் வாங்கியாகிவிட்டது. மூன்றும் காதுக்குள் செருகுகிற ரகம், மூன்றும் வயர் வைத்தவை. புளூடூத் வேண்டாம். ஒருமுறை கூடுவாஞ்சேரியில் ஏறுகிற நெரிசலில் இடது பக்கத்துக் குமிழ் கழன்று தண்டவாளத்துக்குப் போய்விட்டது. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

முதலாவது 699 ரூபாய். பேஸ், அதாவது கனத்த கீழ் ஒலி, தூக்கல். மிருதங்கம் வாசித்தால் பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடுகிற மாதிரி கேட்கிறது. அதைவிட மோசம், தாம்பரம் வருவதற்குள் இடது காது வலிக்கத் தொடங்கிவிடும்.

இரண்டாவது 1,299. பிரித்து மாட்டினேன், பேஸே இல்லை. பழைய டிரான்சிஸ்டரில் செய்தி கேட்கிற மாதிரி சன்னமாக வருகிறது. இதே மாடலை எங்கள் ஆபீஸ் தம்பி ஒருவன் வைத்திருக்கிறான். அவன் “பேஸ் அள்ளுதுண்ணே” என்கிறான். அவனுடையதையும் வாங்கி மாட்டிப் பார்த்தேன், எனக்கு அதுவும் டின் டப்பாதான். காதில் ஏதாவது கோளாறோ என்று பயமே வந்துவிட்டது.

மூன்றாவது 1,450. சத்தம் பரவாயில்லை. ஆனால் வயர் சட்டைப் பொத்தானில் உரசினால் காதுக்குள் டொக் டொக் என்கிறது. நடந்தால் என் காலடி எனக்கே கேட்கிறது. பாடகி ‘ஸ’ சொல்லும் இடமெல்லாம் ஊசி குத்துகிறது.

நான் கேட்பது கச்சேரிப் பதிவுகள், எண்பதுகளின் சினிமாப் பாட்டு, கொஞ்சம் ஒலிப்புத்தகம். விமர்சனங்களைப் படித்தால் வார்ம், பிரைட், சவுண்ட்ஸ்டேஜ் என்று ஏதேதோ எழுதுகிறார்கள், ஒன்றும் விளங்கவில்லை. ஒரு இயர்போன் நன்றாக இருக்கிறதா என்று என் காதை வைத்தே எப்படிச் சோதிப்பது? வலிக்குமா வலிக்காதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான்காவது ஒன்று வாங்கிக்கொண்டு போனால் வீட்டில் என்னையும் சேர்த்து வெளியே வைத்துவிடுவார்கள்.

ஃபுல்சவுண்டு:

ப்ரோ, இந்த விலையில் எல்லாமே ஒன்றுதான். பேஸ் இல்லையென்றால் ஈக்வலைசரில் கீழே இருக்கிற இரண்டு கோட்டையும் மேலே தள்ளுங்கள். வேலை முடிந்தது.

குழாய் ஸ்பீக்கர்:

ஃபுல்சவுண்டு தம்பி, ஓட்டைக் குடத்தில் இன்னும் நாலு சொம்பு ஊற்றச் சொல்கிறீர்கள்.

செங்கை தம்பிக்கு: நான் திருமங்கலம் பக்கம் 31 வருடம் மைக்செட் போட்டவன். கல்யாணம், காதுகுத்து, முளைப்பாரி, தேர்தல் என்று எல்லாவற்றுக்கும் குழாய் கட்டியிருக்கிறேன். இப்போது தொழிலை மகன் பார்த்துக்கொள்கிறான். நான் வீட்டில் உட்கார்ந்து, சொந்தக்காரப் பிள்ளைகள் வாங்கி வருகிற இயர்போனையெல்லாம் மாட்டிப் பார்த்துக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் இரண்டாவது இயர்போனிலிருந்து ஆரம்பிக்கிறேன். அது கெட்டுப்போகவில்லை, உங்கள் காதும் கெடவில்லை. ரப்பர் உங்கள் காதை அடைக்கவில்லை, அவ்வளவுதான். உள்ளே அதிர்ந்து ஒலி எழுப்புகிற டயாஃப்ரம் என்ற சவ்வு சுண்டுவிரல் நகம் அளவு, சுமார் 10 மில்லிமீட்டர். அந்தச் சின்னப் பொருள் பேஸ் கொடுப்பதே, காதுக்குள் அடைபட்ட துளிக் காற்றை அழுத்தி இழுத்துத்தான். சைக்கிள் பம்பு மாதிரி என்று வையுங்கள். வாசர் தேய்ந்த பம்பில் எத்தனை அடி அடித்தாலும் டியூபில் காற்று ஏறாது. ரப்பருக்கும் காதுக்கும் நடுவே தலைமுடி நுழைகிற இடைவெளி இருந்தால்கூடக் கீழ் ஒலி அதன் வழியே ஓடிவிடும். மேல் ஒலிக்கு அவ்வளவு சேதம் இல்லை. மிச்சம் கேட்பது டின் டப்பா.

இதைக் கண்டுபிடிக்கக் காசு வேண்டாம். பாட்டு ஓடும்போது இரண்டு பக்கமும் விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். பேஸ் குபீரென்று வந்தால் ஒழுகுகிறது என்று அர்த்தம். அழுத்தியும் வராவிட்டால் அது அந்த இயர்போனின் குணம், விட்டுவிடலாம். பெட்டிக்குள் ஒரு சின்னப் பாலித்தீன் பையில் வேறு அளவு ரப்பர் கிடந்திருக்கும், தேடுங்கள். நிறைய வீட்டில் அது பெட்டியோடு பழைய பேப்பர்க்காரரிடம் போய்விடுகிறது. இன்னொன்று, இரண்டு காதும் ஒரே அளவு என்று நினைக்காதீர்கள். எனக்கு வலது காதுக்கு நடுத்தரம், இடது காதுக்குப் பெரியது. இது தெரியவே எனக்கு இரண்டு வருடம் ஆனது, இத்தனைக்கும் சவுண்டுக்காரன்.

மாட்டுவதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. காதின் துளை நேராகப் போவதில்லை, வளைந்து போகிறது. வலது காதுக்கு மாட்டும்போது இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். பாதை நேராகும். உள்ளே வைத்துக் கொஞ்சம் திருகி, அப்புறம் மடலை விடுங்கள். வெளிச் சத்தம் சட்டென்று அமுங்க வேண்டும். ஃபேன் சத்தம் குறையவில்லையென்றால் சரியாக உட்காரவில்லை. இது சரியாகாமல் சவுண்டைப் பற்றிப் பேசுவதே வீண்.

உட்கார்ந்ததா? சரி, இப்போது சோதனைக்கு வருவோம்.

முதலில் வால்யூம். இரண்டு இயர்போனை ஒப்பிட்டால் கொஞ்சம் கூடச் சத்தமாக வருவதுதான் நல்லது என்று தோன்றும். சத்தம் ஏற ஏறக் கீழ் ஒலி கூடுதலாகக் கேட்பது காதின் இயல்பு. ஃப்ளெட்சர், மன்சன் என்று அமெரிக்காவில் இரண்டு பேர் 1933லேயே இதை அளந்து எழுதியிருக்கிறார்கள். அவர்கள் பெயர் தெரியாத காலத்திலேயே நான் இதை வைத்துப் பிழைத்திருக்கிறேன். விழாக் கமிட்டிக்காரர் வந்து “சவுண்டு சரியில்லப்பா” என்பார். ஒரு நூல் அளவு ஏற்றிவிட்டு “மாத்திட்டேன்ணே” என்பேன். “ஆங், இப்பத்தான் சவுண்டு” என்று போவார். நீங்கள் அந்தக் கமிட்டிக்காரர் ஆகிவிடாதீர்கள். ஒலிப்புத்தகம் ஒன்றை ஓடவிட்டு, படிக்கிறவர் இரண்டிலும் ஒரே தூரத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி வருகிறவரை வால்யூமைத் திருத்துங்கள். அந்த அளவைக் குறித்துவைத்துக்கொண்டு அப்புறம் பாட்டுக்குப் போங்கள்.

கச்சேரி கேட்கிறவருக்கு வேறு சோதனைப் பொருளே தேவையில்லை. தம்புரா சுருதி மட்டும் ஓடுகிற பதிவு, மோனோவாக (இரு காதிலும் ஒரே ஒலி) இருந்தால் நல்லது, ஒன்றைப் போடுங்கள். சத்தம் தலைக்கு நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் இழுத்தால் இடது வலதை மாற்றி மாட்டுங்கள். இழுப்பும் கூடவே மாறினால் இயர்போனின் ஒரு பக்கம் சோடை. மாறாமல் அதே காதில் நின்றால் உங்கள் காதோ ரப்பரோ காரணம். கடைக்காரரிடம் சண்டை போடும் முன் இதைச் செய்துவிடுங்கள். அவசரப்பட்டு நான் ஒருமுறை அவமானப்பட்டிருக்கிறேன்.

அடுத்து மிருதங்கம். கீழ் ஒலி தருகிற தொப்பிப் பக்கத்துக் கும்கி வழுக்கிக்கொண்டு போவதும், மறுபக்கத்து வலந்தலையில் சாப்பு தெறிப்பதும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். உங்கள் 699 ரூபாய்க்காரரிடம் தொப்பி வீங்கி வலந்தலையை மூடிவிடுகிறது, அதனால்தான் கிரைண்டர். எண்பதுகளின் பாட்டில் பேஸ் கிடாரைப் பிடித்துக்கொண்டு போங்கள். அது ஏறி இறங்குகிற ஸ்வரத்தை நீங்கள் கூடவே முணுமுணுக்க முடிந்தால் பேஸ் நல்ல பேஸ். எல்லா இடத்திலும் ஒரே ‘தொம்’ என்றால் அது வெறும் வீக்கம்.

கடைசியாக, தனி ஆவர்த்தனம் முடிந்ததும் வருகிற கைதட்டல். இதை யாரும் சோதிப்பதில்லை, ஆனால் எனக்கு இதுதான் பிடித்த சோதனை. கைதட்டல் கைதட்டலாகக் கேட்க வேண்டும். எண்ணெயில் அப்பளம் போட்ட மாதிரி ‘சொய்ங்’ என்று வந்தால் மேல் ஒலி கெட்டது. உங்கள் மூன்றாவதில் ‘ஸ’ குத்துகிறது என்றீர்களே, கைதட்டலும் அப்பளம் பொரிக்கும் பாருங்கள்.

அந்த மூன்றாவதின் டொக் டொக்குக்கு, வயரைக் காது மடலுக்கு மேலே சுற்றிப் பின்பக்கமாக இறக்குங்கள். உரசல் சத்தம் காதுக்குப் போகும் வழியில் செத்துவிடும். உங்களுடையது முனை சாய்ந்த வடிவமாக இருந்தால் இடம் வலம் மாற்றிப் போட வேண்டி வரலாம். கச்சேரியில் வயலினும் மிருதங்கமும் இடம் மாறி உட்காரும், அவ்வளவுதான். காலடி கேட்பது வேறு கதை. காதை விரலால் அடைத்துக்கொண்டு முறுக்குக் கடித்துப் பாருங்கள், தலைக்குள் இடி இடிக்கும். எலும்பு வழியே வருகிற சத்தம் வெளியேற வழி இல்லாமல் உள்ளேயே சுற்றுகிறது. இயர்போன் நன்றாக அடைத்திருக்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி.

பெட்டியில் கீழ் ஒலி முதல் மேல் ஒலி வரை 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். எத்தனை டெசிபல் (சத்தத்தின் அளவு) ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாதவரை அந்த எண்ணை எந்த டப்பா மேலும் அச்சடிக்கலாம். ஐம்பது மணி நேரம் ஓடவிட்டால் சவுண்டு திறக்கும் என்பார்கள். பெரும்பாலும் பழகுவது உங்கள் காதுதான். பழகுவதற்குள் கடையில் திருப்பிக் கொடுக்கும் நாள் தாண்டிவிடும்.

ஜிமிக்கி:

ஐயா சவுண்டைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார். வலியைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் எனக்குக் காது சின்னது. பெட்டியில் வருகிற மூன்று அளவில் சின்னதே எனக்குப் பெரியது. பல வருடம் நானும் எல்லா இயர்போனும் வலிக்கும்போல என்றே நினைத்திருந்தேன். வீட்டிலிருந்து தட்டச்சு வேலை, ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் காதில் ஏதாவது இருக்கும்.

எங்கே வலிக்கிறது என்று முதலில் கவனியுங்கள் அண்ணா. துளைக்குள் சுற்றிலும் வலித்தால் ரப்பர் பெரிது. துளைக்கு வெளியே, காதுக் கிண்ணத்தில் ஒரு புள்ளியில் வலித்தால் இயர்போனின் உடம்பு பெரிது அல்லது அதன் விளிம்பு இடிக்கிறது. இதற்கு ரப்பர் மாற்றிப் பயனில்லை, வேறு வடிவம்தான் வாங்க வேண்டும். மடலுக்கு மேலே வலித்தால் வயர் கொக்கி, அல்லது கண்ணாடிக் காலும் வயரும் ஒரே இடத்துக்குச் சண்டை போடுகின்றன. எனக்கு ஜிமிக்கிக் கொக்கியும் சேர்ந்துகொள்ளும்.

கடையில் இரண்டு நிமிடம் மாட்டிப் பார்த்து ஒன்றும் தெரியாது. எனக்கு இருபது நிமிடத்துக்கு மேல்தான் உண்மை தெரியும். பாட்டே போடாமல் மாட்டிக்கொண்டு சமையல் செய்வேன். பேசுவேன், கொட்டாவி விடுவேன், எதையாவது மெல்லுவேன். தாடை அசைந்தால் காதுத் துளையின் வடிவமும் அசைகிறது. மெல்லும்போது கழன்று வருகிறதென்றால் அது ரயிலிலும் கழலும். காதுக்குள் இருப்பதே மறந்துபோனால் அதுதான் சரியான இயர்போன். காதுக்குள் போடுகிற பொருள் என்பதால் பிரித்தபின் திரும்ப எடுத்துக்கொள்ளாத கடைகளும் உண்டு, வாங்கும் முன் கேட்டுவிடுங்கள்.

ரப்பர் ஒத்துவராவிட்டால் நுரை வாங்கிப் பாருங்கள். பஞ்சு மாதிரி இருக்கும், விரலால் உருட்டி ஒல்லியாக்கி உள்ளே விட்டு அரை நிமிடம் பிடித்துக்கொண்டால் காது வடிவத்துக்கே விரிந்து நிற்கும். மேல் ஒலி கொஞ்சம் மழுங்கும். உங்கள் ‘ஸ’ ஊசிக்கு அதுவே மருந்தாகலாம். ஆனால் வியர்வை குடிக்கும், சில மாதத்தில் பிய்ந்துவிடும். வாங்கும் முன் ரப்பர் மாட்டுகிற முனைக்குழாயின் அகலத்தைப் பாருங்கள். நான் அவசரத்தில் தப்பு அளவு வாங்கி, கழற்றும்போது நுரை காதுக்குள்ளேயே தங்கிவிட்டது. மருத்துவர் இடுக்கியால் எடுத்துக் கையில் கொடுத்து, “பத்திரமா வெச்சுக்கோங்கம்மா” என்றார்.

சிலருக்கு உள்ளே வைத்ததும் இருமல் வரும். காதுத் துளைக்கு வருகிற ஒரு நரம்புக்கும் இருமலுக்கும் தொடர்பு உண்டு, பயப்பட வேண்டாம், ஆழத்தைக் குறையுங்கள். அரிப்பு வந்தால் ரப்பரைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாக உலர்த்துங்கள். வலி மறுநாளும் இருந்தாலோ, காது அடைத்த மாதிரி இருந்தாலோ பட்ஸ் விட்டுக் குடையாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று, ரயில் இரைச்சலோடு போட்டி போட்டு வால்யூமை ஏற்றாதீர்கள். பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரம் 40 மணி நேரம் என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு சொல்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 89க்கு ஏற்றினால் ஐந்து மணி நேரம்தான். நீங்கள் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் கேட்கிறவர், கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். நன்றாக அடைத்தால் குறைந்த வால்யூமே போதும். அப்புறம் தண்டவாளம் பக்கம் போகும்போது தயவுசெய்து கழற்றிவிடுங்கள்.

வளைகோடு:

கிராஃப், அதாவது இயர்போன் எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு சத்தம் தருகிறது என்று காட்டும் கோடு, அதைப் பற்றி யாருமே பேசவில்லையே! ஒரு சின்ன விளக்கம். காதுத் துளை ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர், ஒரு முனை மூடியது. காலி பாட்டில் வாயில் ஊதினால் ஒரு சுருதி வருகிற மாதிரி, அதற்கும் சொந்தமாக ஓர் ஒத்ததிர்வு உண்டு, சுமார் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி. வெளியிலிருந்து வரும் எந்தச் சத்தத்தையும் காது அந்த இடத்தில் தூக்கித்தான் கேட்கும். இயர்போன் அந்த வாயை மூடிவிடுவதால், அந்தத் தூக்கலை இயர்போனே போட்டுக் கொடுக்க வேண்டும். அதனால் கிராஃபில் அங்கே ஒரு மலை இருந்தால் பயப்படாதீர்கள், இல்லையென்றால்தான் குரல் போர்வைக்குள் பாடும். ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தில் ஷான் ஆலிவ் என்ற ஆய்வாளரின் குழு, கேட்பவர்களை உட்காரவைத்துச் சோதித்து, பெரும்பாலோருக்குப் பிடித்த ஒலிக்கு ஒரு வளைகோடு உருவாக்கியது. இன்று 20 டாலரை ஒட்டிய விலையில் நல்ல பெயர் எடுத்த பல மாடல்கள் ஏறக்குறைய அந்தப் பாதையில் வருபவை. 2022ல் வந்த செவன்ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ, 2023ல் வந்த மூன்ட்ராப் சூ 2 இரண்டிலும் ஒலி எழுப்புகிற டிரைவர் ஒரே ஒரு 10 மில்லிமீட்டர்தான், வயரும் கழற்றி மாட்டக்கூடியது. ‘எட்டு டிரைவர்’ என்று விளம்பரம் பார்த்து மயங்க வேண்டாம்.

குழாய் ஸ்பீக்கர்:

வளைகோடு தம்பி சொல்வது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கிராஃப் எடுக்கிற இரும்புக் காதில் ரப்பர் எப்போதும் கச்சிதமாக அடைத்திருக்கும். செங்கை தம்பியின் காதில் அடைக்கவில்லை, அதுதானே பிரச்சினையே.

வளைகோடு:

அதுவும் உண்மைதான் ஐயா. 8,000 ஹெர்ட்ஸ் பக்கம் வருகிற கூர்முனைகூடப் பல கிராஃபில் அந்த அளவெடுக்கும் குழாயின் சொந்த ஒத்ததிர்வுதான், எவ்வளவு ஆழம் செருகினார்கள் என்பதைப் பொறுத்து நகரும். அந்த இடத்தில் கிராஃபைவிட உங்கள் கைதட்டல் சோதனை மேல்.

செங்கை பாசஞ்சர்:

எல்லோருக்கும் நன்றி. நான்கு நாள் கழித்து எழுதுகிறேன்.

இரண்டாவதின் பெட்டியைப் பரணில் தேடி எடுத்தேன். பாலித்தீன் பை அப்படியே இருந்தது. பெரிய ரப்பரை இடது பக்கம் போட்டேன், வலதில் நடுத்தரமே இருக்கட்டும் என்று விட்டேன். ஐயா சொன்ன மாதிரி மடலை இழுத்து மாட்டினேன். வண்டலூர் தாண்டும்போது ஒரு பாட்டில் பேஸ் கிடார் வந்தது பாருங்கள், பக்கத்தில் நின்றவரைத் திரும்பிப் பார்த்தேன், அவருக்கும் கேட்டுவிட்டதோ என்று. இத்தனை மாதம் இது பெட்டிக்குள் இருந்திருக்கிறது. ஆபீஸ் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

தம்புரா முதலில் வலது பக்கம் இழுத்தது. மாற்றி மாட்டினாலும் வலதிலேயே நின்றது. ஆக எனக்குத்தான் இடது காது கொஞ்சம் மந்தம்போல. காதுக்காரரிடம் போனால் பட்டாணி அளவு குறும்பி எடுத்தார். இப்போது நடுவில் நிற்கிறது.

மூன்றாவதின் வயரை மேலே சுற்றினேன், டொக் டொக் போய்விட்டது. ‘ஸ’ இன்னும் கொஞ்சம் குத்துகிறது, கைதட்டல் அப்பளமேதான். அதை ஒலிப்புத்தகத்துக்கு வைத்துக்கொள்கிறேன், நுரை வாங்குவது பற்றி யோசிக்கிறேன். நான்காவது வாங்கவில்லை.

முதலாவது மட்டும் எந்த ரப்பர் போட்டாலும் கிரைண்டர்தான். காதுக் கிண்ணத்தில் ஒரே இடத்தில் வலிக்கிறது, ஜிமிக்கி சொன்ன விளிம்புக் கதை. மச்சான் பையன் கேட்கிறான், பேஸ்தான் வேண்டுமாம். கொடுத்துவிடலாமா?

குழாய் ஸ்பீக்கர்:

கொடுங்கள். ரப்பரைக் கழுவிக் கொடுங்கள். அந்தப் பாலித்தீன் பையையும் சேர்த்துக் கொடுங்கள்.